பிளேடைத் தூக்கும் இடம்

நோர்லா சாலை இனி மாநிலத்துக்கு வேண்டாம் என்கிற செய்தியை லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வைத்துத்தான் சொன்னார்கள். நல்லதோ கெட்டதோ அந்தப் பக்கத்தில் அங்கேதான் சொல்ல வேண்டும். காபி ஓசி, பெண்கள் சுட்டுக் கொண்டுவருகிற கேக் ஓசி. செய்தி கசந்தாலும் வாய் இனிக்கும் அல்லவா.

வந்திருந்த ஆட்கள் ஒரு கைப்பிடி. நோர்லாவே இப்போது ஒரு கைப்பிடிதான். தானியக் கிடங்கு மூடிப் போயிற்று, தபால் நிலையம் மூடிப் போயிற்று, பள்ளிக்கூடத்தை யாரோ வாங்கி வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். நாலைந்து பண்ணை வீடுகளும், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து அங்கே போகிற ஒற்றைச் சாலையும்தான் மிச்சம். சாலையின் கடைசி வீடு வெர்லின் ஹோஃபுடையது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று ராஸ்வில் நகரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். வீட்டிலேயே வைத்துச் செய்துகொள்ளும் முறை அவர் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை.

அவர் மனைவி ஆர்டிஸ், மாநில நெடுஞ்சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறவள். குளிர்காலத்தில் லாரி முன்னால் இரும்பு பிளேடை மாட்டிப் பனி தள்ளுவாள், கோடையில் சாலையோரப் புல் வெட்டுவாள், இடையிடையே வண்டியில் அடிபட்ட மானைத் தூக்கிப் போடுவாள். துறையின் ஆரஞ்சுச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துறை நடத்துகிற கூட்டத்தில் துறை ஆள் எழுந்து எதிர்த்துப் பேசக் கூடாது. அவள் பேச வேண்டியதையும் சேர்த்து வெர்லின்தான் பேச வேண்டும். ஊர் விஷயம் என்றால் அந்த மனுஷனுக்கு வாய் நீளம். தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில், "அவ்வளவு மோசமில்ல." அவர் என்றில்லை, அந்தச் சமவெளியில் எல்லோருக்கும் அதுதான் பதில். கால் ஒன்றை அறுவடை இயந்திரம் இழுத்துக்கொண்டு போனாலும் அவ்வளவு மோசமில்லைதான். மோசம் என்று சொல்லிவிட்டால் எதிராளிக்குச் சங்கடம் கொடுத்ததாகிவிடுமாம். அப்படி வளர்த்துவிட்டிருந்தார்கள்.

மண்டலப் பொறியாளர் கிறிஸ்டின் சுவரில் ஒரு படம் காட்டினாள். துறை எப்படி அமைந்திருக்கிறது என்கிற படம். உச்சியில் ஆளுநர் நியமித்த இயக்குநர். அவருக்குக் கீழே துணை இயக்குநர்கள். அதற்கும் கீழே, உருளைச் செடியைப் பிடுங்கினால் கிழங்கு தொங்குவதுபோலக் கட்டங்கள் தொங்கின. பாலங்களுக்கு ஒன்று, திட்டமிடலுக்கு ஒன்று, ஓட்டுநர் உரிமத்துக்கு ஒன்று. சின்ன விமானத் தளங்கள், ரயில் கிளைப்பாதைகள், முதியோர் வேன்கள், சாலையோரக் கழிப்பறைகள், பெயர்ப்பலகைகள் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். அப்புறம் மண்டலங்கள். மண்டலத்துக்குக் கீழே லாரிகள் நிற்கிற ஷெட்டுகள்.

"உன் பொட்டி எதுடி?" என்று வெர்லின் திரும்பிக் கேட்டார். கிசுகிசுப்பது என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது.

"கடைசி வரியைப் பாரு. ஓட்டுநர்கள்னு போட்டிருக்கில்ல, அந்தக் கும்பல்ல நானும் ஒருத்தி."

"பேரு இல்லையே?"

"எங்க பேரெல்லாம் போடணும்னா இன்னொரு சுவரு கட்டணும். வாயை மூடிட்டு கேளு."

கிறிஸ்டின் நல்ல பெண்தான். முகத்தில் வருத்தம் இருந்தது, அது நடிப்பும் இல்லை. மாநிலத்தின் சாலைகளையெல்லாம் தரம் பிரித்துப் பார்த்ததில் நோர்லா சாலையில் வண்டிகளே போவதில்லை என்றாள். அக்டோபரிலிருந்து அது மாவட்ட நிர்வாகமான கவுண்டியிடம் ஒப்படைக்கப்படும், பனி தள்ளுவதும் குழி அடைப்பதும் இனி கவுண்டியின் பொறுப்பு என்றாள்.

வெர்லின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒரு சந்தேகம்மா. இத்தனை பேரு இருந்தும் எங்க ரோட்டைப் பாக்க முடியலையா, இத்தனை பேரு இருக்கறதாலதான் பாக்க முடியலையா?"

கூடம் சிரித்தது. கிறிஸ்டினும் சிரித்துவிட்டாள். சிரித்து என்ன, படத்தில் ஒரு கோடுகூட நகரவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போற வேன் உங்களோடதுதானே? அது வருமில்ல?"

"வேன் பொதுப் போக்குவரத்துப் பிரிவோடது, மிஸ்டர் ஹோஃப். அது எங்க மண்டலத்துக்குக் கீழ வராது. விசாரிச்சுட்டேன். குளிர்காலத்துல மாநிலம் பராமரிக்கிற ரோட்டுல மட்டும்தான் வேன் போகலாம்னு அவங்களுக்கு விதி. நெடுஞ்சாலையிலேருந்து ரோடு பிரியற நோர்லா பிரிவு வரைக்கும் வந்து நிப்பாங்க."

"அங்கேருந்து எங்க வீட்டுக்கு எட்டு மைலு இருக்கேம்மா."

"ஆமாங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கவுண்டியில பனி தள்ள கிரேடர் வண்டி இருக்கு. அவங்க பாத்துக்குவாங்க."

கவுண்டியின் சாலைப் பொறுப்பாளர் ஓர்வில் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இருக்கு மேடம், இல்லேங்கலை. ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. காலையில எந்திரிக்கறதுக்கே ரெண்டு பேரும் முக்கணும்" என்றார். பள்ளி பஸ் போகிற சாலைகளைத்தான் முதலில் தள்ள முடியும். நோர்லாவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது. இதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் உருளைக்கிழங்கை வேகவைத்தாள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் வேகவைத்தாள். டயாலிசிஸ்காரர்களுக்கு உருளைக்கிழங்கு விஷம் மாதிரி. அதிலிருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் அப்படியே நின்றுவிடும் என்று ராஸ்வில் நர்ஸ் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள். முப்பது வருஷம் உருளைக்கிழங்கு போட்ட மனுஷனுக்கு வந்த வியாதியைப் பாருங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, டிராக்டர்களையும் விற்றாகிவிட்டது. நாக்கை மட்டும் விற்க முடியவில்லை.

"இது கிழங்கா? நனைஞ்ச அட்டைப் பெட்டி" என்றார் வெர்லின், தட்டைப் பார்த்து.

"தின்னு. நாம ராஸ்வில்லுக்கே போயிடலாம். இன்னைக்குப் பூரா அதைத்தான் யோசிச்சுட்டிருந்தேன்."

"போயி?"

"அங்க ஒரு ஷெட் இருக்கில்ல. மாத்தல் கேக்கறேன்."

"அது வேற மண்டலம்டி."

"மண்டலம் வேறயா இருந்தா என்ன, பனி வேறயா? அங்கயும் வெள்ளையாத்தானே பெய்யுது?"

வெர்லின் சிரித்துக்கொண்டே அட்டைப் பெட்டியை விழுங்கினார். மாற்றல் இல்லாமல் குடிபோகவும் வழியில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் ஷெட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ராஸ்வில் இவளுடைய ஷெட்டிலிருந்து ஒன்றரை மணி. அவரை மட்டும் அங்கே தனியாக வைக்கலாமென்றால், காற்றாலை வேலைக்கு வந்தவர்கள் வாடகையை வானத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வேலையை விடலாமென்றால் அவள் சம்பளம் ஒன்றுதான் அடுப்பு எரிய வழி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வேலி.

ஷெட் பொறுப்பாளர் லைல் மாற்றல் விண்ணப்பத்தை அன்றைக்கே மேலே அனுப்பினார். ஆர்டிஸும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "உன்னை விட்டா அந்த டிரைவர் மார்வோடதான் நான் ஷெட்டுல குடும்பம் நடத்தணும். ஆனாலும் போ. போய் நல்லாயிரு" என்றார். கிறிஸ்டின் தானே ராஸ்வில் மண்டலத்துப் பொறியாளரிடம் பேசினாள். அவர் சரி என்றார். அங்கே ஒரு ஓட்டுநர் ஓய்வு பெறுகிறார், இடம் காலியாகும் என்றார். நவம்பர் முழுக்க ஆர்டிஸ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி கழுவினாள். வெர்லின்கூடப் பழைய சாமான்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இந்த ஊருக்கும் பொருந்தும். டிசம்பரில் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. காலியாகிற இடங்களை நிரப்ப வேண்டாம், அப்படியே எடுத்துவிடுங்கள். ராஸ்வில் ஓட்டுநர் ஓய்வு பெற்றார், அவரோடு அந்த இடமும் ஓய்வு பெற்றது. லைல் இதைச் சொல்லும்போது ஆர்டிஸ் லாரிக்கு அடியில் படுத்து பிளேடின் வெட்டு விளிம்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அந்தப் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரைக் குடு."

லைல் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அவள் வெளியே வரவே இல்லை. அரை மணி நேர வேலைக்கு மத்தியானம் முழுக்க அடியிலேயே கிடந்தாள். அழுதிருப்பாள் என்று லைல் நினைத்துக்கொண்டார். அழத்தான் செய்தாள்.

முதல் பனி அந்த வாரமே விழுந்தது. நோர்லா பிரிவுக்கு வந்ததும் ஆர்டிஸின் கை தானாகத் திருப்பத்துக்குத் தயாராயிற்று. இருபத்தைந்து வருஷப் பழக்கம். லைல் முன்பே எச்சரித்திருந்தார். "லாரியில கருவி இருக்கு, ஞாபகம் வச்சுக்க. பிளேடு எங்க இறங்குது, எங்க ஏறுதுன்னு மண்டல ஆபீஸ் திரையில கோடு விழும். நம்ம ரோடு இல்லாத ரோட்டுல இறக்குனா அரசாங்க வண்டியைச் சொந்தத்துக்கு ஓட்டுனதா ஆயிடும். தெக்கு ஷெட்டுல ஒருத்தன் அவங்க அம்மா வீட்டு வாசலைத் தள்ளிக் குடுத்தான். நல்ல பையன். இப்ப பெட்ரோல் பங்குல நிக்கிறான்."

அவள் பிளேடை இறக்கியபடியே நேராகப் போனாள். அதில் இன்னொரு கொடுமை இருந்தது. நெடுஞ்சாலையைத் தள்ளிக்கொண்டு போகிற லாரி பனியை வலது ஓரமாக ஒதுக்கி வயல் வரப்புபோல நீளமாக விட்டுச் செல்லும். பிரிவுக்கு வரும்போது அந்த வரப்பு நோர்லா சாலையின் வாயைக் குறுக்கே அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் திரும்பி வந்து அதை வெட்டிவிடுவாள். இப்போது வெட்டக் கூடாது. வரப்பு வந்து விழுகிற அந்த ஓரிடத்தில் மட்டும் பிளேடைத் தூக்கிக்கொள்வாள். தூக்கினால் நெடுஞ்சாலையில் ஒரு மேடு நின்றுவிடும், கார்கள் துள்ளும். யாரோ புகார் செய்தார்கள். அப்புறம் அதையும் தூக்க முடியாமல் போயிற்று. ஒவ்வொரு நடைக்கும் தன் வீட்டுக்குப் போகிற வழியைத் தானே அடைத்துக்கொண்டு போனாள். அதற்குத்தான் சம்பளம்.

டிசம்பரை எப்படியோ ஓட்டினார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த கர்ட் சில நாள் டிராக்டரில் தள்ளிவிட்டான். ஓர்வில் ஒரு தடவை வந்தார், சாலையைத் தள்ளிவிட்டு வெர்லினோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். மற்ற நாட்களில் ஆர்டிஸ் விடியுமுன்பே தன் பழைய பிக்கப்பில் வெர்லினை ஏற்றிக்கொண்டு சறுக்கியும் முட்டியும் பிரிவுக்கு வந்து, வேனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புயல் வருகிறது என்றார்கள்.

"ராஸ்வில் மோட்டல்ல போய்ப் படு" என்றாள் ஆர்டிஸ்.

"போன ரெண்டு தடவையும் இப்படித்தான் துரத்தி விட்ட. மோட்டல்ல படுத்துக்கிட்டு ஜன்னல் வழியா வெயிலைப் பாத்துட்டு வந்தேன். இது தெக்கால போயிடும் பாரு, ரேடியோவுல சொல்றான்."

"வராம இருந்தா சரி."

"வந்தாலும் என்ன, ஒரு நாள் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு நர்ஸே சொல்லியிருக்கா."

அவளுக்கு மனசில்லை. ஆனால் ஷெட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சாயங்காலமே கிளம்பி ஷெட்டுக்குப் போனாள். புயல் தெற்கே போகவில்லை. சமவெளியின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை வெளியே கையை நீட்டினால் கை தெரியவில்லை. லாரிகளை எடுக்கவே விடவில்லை. அன்றைய டயாலிசிஸ் தவறிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை பெய்வது நின்றது, காற்று நிற்கவில்லை. ஓட்டுநர்கள் ஷெட்டில் மடக்குக் கட்டிலில் படுத்து, யாரோ வீட்டிலிருந்து வந்த மக்ரோனி இறைச்சியைச் சுட வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போன் செய்தால் வெர்லின் பனியைப் பற்றிப் பெருமை பேசினார். கோழிக் கொட்டகை மூடிவிட்டது என்றார். சமையலறை ஜன்னல் பாதிவரை வெள்ளை என்றார். எப்படி இருக்கே என்றால், அவ்வளவு மோசமில்லை.

புதன்கிழமை காலையில் நெடுஞ்சாலையைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆர்டிஸ் கிளம்புமுன் போன் செய்தாள். அன்றைக்குக் குரல் வேறாக இருந்தது, நாக்கு தடித்தாற்போல.

"காலு என்னோடதே இல்லாத மாதிரி இருக்குடி. விரலெல்லாம் எறும்பு ஊருது."

பொட்டாசியம் ஏறினால் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று நர்ஸ் ஆர்டிஸிடம் சொல்லியிருந்தாள். "இங்க பாரு. நான் சொல்றதைக் கேளு. கர்ட்டைக் கூப்பிட்டியா?"

"அவன் மாடு ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. நேத்திலேருந்து அங்கதான் கிடக்கான். பாவம்."

"ஓர்வில்?"

"மேக்கால எங்கயோ தள்ளிட்டிருக்காரு. நாளைக்குப் பாக்கலாம்னாரு."

அவள் போனை வைத்துவிட்டு லைலிடம் ஓடினாள். லைல் மண்டலத்துக்குப் பேசினார். கிறிஸ்டின் யார் யாரிடமோ பேசிவிட்டு வந்து சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: வழி ஒன்று இருக்கிறது. அவசர சிகிச்சைக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டியிருந்து, கவுண்டி போலீஸான ஷெரிஃப் அலுவலகம் கேட்டுக்கொண்டால், மாநில லாரி எந்தச் சாலையிலும் பிளேடை இறக்கலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"அவ்வளவுதானே!" என்றாள் ஆர்டிஸ். உடனே வீட்டுக்குப் போட்டாள். "வெர்லின், அவசர நம்பருக்குப் போன் போடு. உடம்பு முடியலைன்னு சொல்லு. சொன்ன உடனே என்னை அனுப்பிருவாங்க. நான் பிரிவுல போயி நிக்கிறேன். புரியுதா?"

"ஆம்புலன்ஸை எதுக்குடி? வேற யாராச்சும் நெஜமா…"

"நீ நெஜமில்லையா? போடுய்யா!"

நோர்லா பிரிவில் லாரியை நிறுத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள். காற்று வரப்பின் முதுகிலிருந்து பனியைச் சீவிச் சீவி எறிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் எட்டு மைல். கை பிளேடை இறக்குகிற நெம்புகோலின் மேலேயே இருந்தது. ரேடியோ கரகரத்தது.

"ஆர்டிஸ்." லைலின் குரலில் உயிரில்லை. "போன் பண்ணியிருக்காரு. ஷெரிஃப் ஆபீஸ்ல போன் எடுக்கற ஷெல்லிதான் எடுத்திருக்கா."

"வந்துட்டாங்களா?"

"நெஞ்சு வலிக்குதான்னு கேட்டாளாம். இல்லம்மான்னாராம். மூச்சு விட முடியுதான்னா, அது பாட்டுக்கு வருதுன்னாராம். எப்படி இருக்கீங்க வெர்லின்னு கேட்டிருக்கா. அவ்வளவு மோசமில்லன்னாராம். மத்தவங்களை முதல்ல பாத்துட்டு வாங்க, எனக்கு அவசரமில்லன்னும் சொல்லியிருக்காரு. அவ அவசரமில்லைன்னு பதிஞ்சுட்டா. இன்னைக்கு வண்டி கவுந்தது, பிரசவம்னு ஏகப்பட்டது அவளுக்கு. கவுண்டி கிரேடர் வரும்போது பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க."

ஆர்டிஸ் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டாள். போனை எடுத்தாள்.

"என்னய்யா சொல்லித் தொலைச்ச?"

"கோவப்படாத. அந்தப் பொண்ணு குரலே அழுதுடற மாதிரி இருந்துச்சு. நம்ம சர்ச்சுல சின்னதுல பாட்டுப் பாடுமே, அதுதானே? அதுகிட்ட போயி எப்படி நான் சாகறேன்னு சொல்றது?"

"திரும்பப் போடு. மோசம்னு சொல்லு. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து மோசம்னு சொல்லு. என்கிட்டயாச்சும் சொல்லு!"

"உன் குரலு கேட்டதுக்கு அப்புறம் பரவால்ல" என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சரி, உள்ளே போய்விடுவது என்று முடிவு செய்து கியரை மாற்றினாள். பிடித்தால் பிடிக்கட்டும், அவளும் பெட்ரோல் பங்கில் நிற்கட்டும். அப்போதுதான் லைல் மறுபடி அழைத்தார். வடக்கே மேட்டுக்கு அப்பால் ஒரு கார் பனியில் புதைந்துவிட்டது, உள்ளே ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும், எஞ்சின் நின்றுவிட்டது, பக்கத்தில் வேறு லாரியே இல்லை.

"நீதான் போகணும், ஆர்டிஸ்."

அவள் பனி வரப்பைப் பார்த்தாள். வெர்லின் வீட்டில் சூடு இருக்கிறது, மெத்தை இருக்கிறது, அவர் வாயாலேயே பரவாயில்லை என்று சொல்லியும்விட்டார். குழந்தைகளுக்கு அதெல்லாம் இல்லை. இவர்களை எடுத்துவிட்டு வந்து உள்ளே போய்விடலாம். இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்தச் சமவெளியிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அன்றைக்கு அதை அவளும் நம்பிவிட்டாள். நம்ப வேண்டியிருந்தது.

காரைக் கண்டுபிடித்துத் தோண்டி, குழந்தைகளைத் தன் லாரியில் ஏற்றி ஷெட்டில் கொண்டுவந்து விடுவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. காற்று மறுபடி எழுந்தது. லாரிகளையெல்லாம் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லைல் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"சட்டத்துக்காகச் சொல்லலை. இப்ப போனா நீயும் பள்ளத்துல கிடப்ப, அவருக்கும் யாரும் வர மாட்டாங்க. விடிஞ்சதும் போ. நான் திரையைப் பாக்கலைன்னு சொல்லிக்கறேன்."

வீட்டுக்குப் போன் செய்தாள். நெடுநேரம் அடித்து வெர்லின் எடுத்தார்.

"என்ன சாப்பிட்ட?"

"கேக்காத."

"கிழங்கா? வெர்லின்! ரெண்டு தடவை வேகவச்சியா?"

"நிக்க முடியலைடி. அடுப்புல சுட்டு ஒண்ணே ஒண்ணு. வெண்ணெயும் உப்பும் போட்டு." குரலில் திருட்டுச் சந்தோஷம் இருந்தது. "ஆறு வருஷமாச்சு. என்னா ருசி தெரியுமா."

ஆர்டிஸ் திட்டினாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். மூளையில்லாதவன், பிடிவாதக்காரன், நான் மூன்று நாளாக இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன் உனக்கு நாக்கு கேட்கிறதா என்று திட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, நாளைக்கு வந்து மிச்சத்தைத் திட்டு" என்று வைத்துவிட்டார்.

விடியும்போது காற்று அடங்கியிருந்தது. வானம் கழுவி விட்டதுபோல நீலம். போனை எடுத்தால் அவர் எடுக்கவில்லை. தூங்குகிறார், காது மந்தம் என்று சொல்லிக்கொண்டு லாரியை எடுத்தாள். நோர்லா பிரிவுக்கு வந்ததும் ரேடியோ அழைத்தது.

"எங்க இருக்க, ஆர்டிஸ்?"

"பிரிவுல. உன்கிட்ட எதுக்குப் பொய்? உள்ள போகப் போறேன்."

"அனுமதி வந்துடுச்சு" என்றார் லைல். "ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து கேட்டிருக்காங்க. மண்டலத்துலயும் சரின்னுட்டாங்க. கர்ட் பனி மேல சறுக்கிப் போற அவனோட பனிவண்டியில உங்க வீட்டுக்குப் போயிருந்தானாம், அவன்தான் கூப்பிட்டிருக்கான். நீ அங்கயே நில்லு. மார்வை அனுப்பறேன். அவன் தள்ளட்டும்."

"மார்வ் எதுக்கு? அவன் வந்து சேர்றதுக்குள்ள நான் வாசல்ல நிப்பேன். எங்க ரோட்டுல எங்க மேடு, எங்க மதகுன்னு அவனுக்கு என்ன தெரியும்?"

"ஆர்டிஸ், கேளு…"

"கர்ட்டாவது வாயைத் திறந்து மோசம்னு சொன்னானே. புண்ணியமாப் போவும்."

அந்த ரேடியோவை மண்டலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். மண்டலமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. "ஆம்புலன்ஸ் உன் பின்னாடி வரும்" என்றார் லைல் கடைசியில். "அதுக்கு வழி பண்ணிக் குடு. நீ மெதுவா போ."

"மெதுவாவா? நல்லாச் சொன்ன, போ!"

அவள் பிளேடை இறக்கினாள். இறுகிப் போயிருந்த வரப்பு முதல் இடியில் அசையவில்லை, இரண்டாவதில் பிளந்தது. அப்புறம் பக்கவாட்டு இறக்கையையும் விரித்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகத் தன் சாலையில் பனி தள்ளினாள். பனி இரண்டு பக்கமும் எகிறி விழுந்தது, வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. மூடிய பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வெர்லினை ராஸ்வில் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரம் போட்டுவைக்க வேண்டும், அந்த நர்ஸிடம் கிழங்கு விஷயத்தைச் சொல்லி அவளையும் திட்ட வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள். மனசு லேசாக இருந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வெகு பின்னால் வந்துகொண்டிருந்தது. அது கிட்டே வரட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மேலே விளக்கு சுழலவில்லை. எதிரே வண்டியே வராத ரோட்டில் விளக்கு எதற்கு என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

வீட்டு முன்னால் கர்ட்டின் பனிவண்டி நின்றது. பக்கத்தில் கர்ட். எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற அந்தக் குளிரில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆர்டிஸ் லாரியை நிறுத்தவில்லை. பிளேடையும் தூக்கவில்லை. வாசற்படி வரைக்கும் தள்ளினாள். பின்னால் எடுத்து, ஆம்புலன்ஸ் திரும்பி நிற்க இடம் வேண்டுமென்று முற்றத்தை இன்னும் ஒரு தடவை தள்ளினாள். படிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் தள்ளிவிட்டு இறங்கினாள்.